நடுத்தட்டில் வைத்த மருந்து

என் பிரியமான ஜெயா அக்காவுக்கு,

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. செத்துப்போனவளிடம் கோபப்படலாமா என்று அப்பா கேட்கிறார். வேறு யாரிடம் போய்க் கோபப்படுவது?

கடுகண்ணாவை வீட்டில் அந்தப் பிரிட்ஜை நீ ஒருத்திதான் பார்த்துக்கொண்டாய். அப்பாவின் சீனி வருத்தத்துக்கான இன்சுலினை ஒரு மாஜரின் டப்பாவுக்குள் போட்டு, நடுத்தட்டில் முன்பக்கமாக வைத்திருந்தாய். ஏன் அங்கே என்று ஒரு வார்த்தை சொன்னாயா? நான் கதவைத் திறந்துகொண்டு நின்றால் மட்டும் கத்துவாய்: "தெறந்து வச்சிட்டு யோசிக்காதடி, யோசிச்சிட்டுத் தெற!"

நீ போன பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் புசல்லாவையிலிருந்து வந்தேன். வந்ததும் சமையலறையை ஒழுங்குபடுத்தினேன். என் அலுமாரிக்கு இடம் வேண்டுமென்று பிரிட்ஜைச் சுவரோடு ஒட்டித் தள்ளினேன். கறிச்சட்டியைச் சூட்டோடு உள்ளே வைத்தேன். பால் திரிந்தது. குளிர் போதவில்லை என்று நினைத்து, உள்ளே இருக்கும், குளிரைக் கூட்டும் திருகியைக் கடைசி இலக்கம் வரைக்கும் திருப்பிவிட்டேன். மருந்துக்குத்தான் நல்ல குளிர் வேண்டும் என்று, உன் டப்பாவைப் பின்சுவரோடு ஒட்டி வைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரி பார்!

இரண்டு கிழமையில் அப்பாவுக்குச் சீனி ஏறிவிட்டது. கிளினிக்கில் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். அப்படியும் இறங்கவில்லை. ஒரு காலையில் குளியலறைப் படியில் தலைசுற்றி விழுந்து, நெற்றி வெடித்துவிட்டது.

காயத்தைத் துடைத்துக்கொண்டே அவரைப் பிடித்து ஏசினேன். "உண்மையச் சொல்லுங்க. சந்தியில இனிப்புத் தொதல் வாங்கித் திங்கிறீங்கதானே?"

"சத்தியமா ஒண்ணும் திங்கல புள்ள."

நான் நம்பவில்லை. அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன், அக்கா. எழுபது வயது மனுஷனின் பையை. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விடுவார்.

அடுத்த கிளினிக்கில் தாதி ஒருத்தி மருந்துப் போத்தலைக் கேட்டாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே சின்னச் சின்னக் கட்டிகள் மிதந்தன.

"இத எங்க வைக்கிறீங்க?"

"பிரிட்ஜுக்குள்ளதான் மிஸ். நல்லா கூலான எடத்துல."

"ஐஸ் பிடிக்கிற எடத்துலயா? ஒருக்கா ஒறைஞ்சா முடிஞ்சிச்சும்மா. பொறகு எளகினாலும் அது மருந்து இல்ல."

அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது.

டாக்டர் மருந்தளவைப் பழையபடி குறைத்து, புதுப் போத்தல் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரிட்ஜைத் திறந்தால், பின்சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாய் ஐஸ். மிச்சமிருந்த மருந்தும் அதில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. குளிரைக் கூட்டினால் பின்சுவர்தான் முதலில் உறையும். அதைத் தெரிந்துகொள்ள அப்பாவின் நெற்றி வெடிக்க வேண்டியிருந்தது. கரண்டை நிறுத்தி, ஐஸைக் கரையவிட்டேன். பிரிட்ஜைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்தேன். பின்னால் பஞ்சுபோல் தூசி. மூச்சுவிட வழியில்லாமல் அது எப்படிக் குளிரும்? பால் திரிந்த காரணமும் அப்போதுதான் விளங்கியது. திருகியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். புது மருந்தை டப்பாவில் போட்டு, நீ வைத்த இடத்திலேயே வைத்தேன்.

பிறகு முன்னறைக்குப் போனேன். "மன்னிச்சிக்குங்க அப்பா. தப்பு என்னோடதுதான்."

அவர் நெற்றிக் கட்டைத் தடவிக்கொண்டார்.

"ஜெயாவும் ஒரு தடவ இப்பிடித்தான் பைய தடவினா," என்றார். "அன்னைக்கு உள்ள தொதல் இருந்திச்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. இதையும் நீ என்னிடம் சொன்னதில்லையே, அக்கா. இன்னும் எத்தனை விஷயத்தை இப்படிக் கொண்டுபோய்விட்டாய்?

இப்போது அப்பாவுக்குச் சீனி இறங்கியிருக்கிறது. இன்று என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார். இனி ஏதாவது பிழையானால், முதலில் என் கையைப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்ப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னிடம் ஏச்சு வாங்க ஏங்கும் தங்கச்சி,
மல்லிகா