மூன்று ஏக்கர் தருகிறேன்

புளியந்தீவு
12.2.1935

அன்புள்ள தங்கச்சி சின்னத்தங்கத்துக்கு,

இங்கு நாங்கள் நலம். நீயும் மச்சானும் மருமகள் அன்னமும் சுகமாயிருக்க மாமாங்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

அப்பா எனக்கு எழுதிய காணி உறுதி செல்லாதென்று நீ வழக்கு வைக்கப் போவதாக உனக்காக வழக்குப் பேசும் பிறக்கிராசி அறிவித்திருக்கிறார். படுவான்கரை வயல் வட்டையில் பத்து ஏக்கர். ஆறை அப்பா எனக்கு உறுதி எழுதினார். அப்பா போனபின் மீதி நாலில் உனக்குப் பாதி, எனக்குப் பாதி. ஆனாலும் உனக்கு மூன்று ஏக்கர் தருகிறேன். வாய்க்காலோரமாகவே எடுத்துக்கொள். ஒரு வயிற்றில் பிறந்த நாம் கோட்டுப் படியேற வேண்டாம். சித்திரைக்கு முதல் மறுமொழி எழுது.

அன்பு அண்ணன்
அழகரத்தினம்


களுவாஞ்சிக்குடி
3.3.1935

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தை வாசித்த அன்னம், "மாமா தாறதை வாங்குங்க அம்மா" என்றாள். எனக்கும் மனம் இளகித்தான் போனது. இவர்தான் விடவில்லை. அப்பா ஆளை அடையாளம் மட்டுக்கட்ட முடியாமல் கிடந்தபோது எழுதிய உறுதி நிற்காதாம், ஐந்து ஏக்கர் கட்டாயம் கிடைக்குமாம் என்று பிறக்கிராசி சொல்லியிருக்கிறார். நானும் அப்பாவின் பிள்ளைதானே அண்ணன்? பாதியைத்தான் கேட்கிறேன். கோபிக்க வேண்டாம்.

மதினிக்கு இருமல் எப்படி? நல்ல தேன் எடுத்து வைத்திருக்கிறேன். ஆள் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

அன்புத் தங்கச்சி
சின்னத்தங்கம்


களுவாஞ்சிக்குடி
12.11.1936

அண்ணனுக்கு,

நேற்றுத் தீர்ப்பை நீங்களும் கேட்டீர்கள். உறுதி செல்லுமாம். எனக்கு இரண்டு ஏக்கர். அது போகட்டும்.

பிறகு உங்கள் பிறக்கிராசி எழும்பி, நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தின் பிரதியை நீட்டினார். "ஒரு வயிற்றில் பிறந்த நாம்" என்று அவர் வாசிக்க, பின்னாலிருந்த சிலர் சிரித்தார்கள். வழக்குக்கு முதலே மூன்று ஏக்கர் தர வந்தவரை மறுத்துவிட்டு இரண்டுக்கு வழக்காடினேனாம். அதனால் உங்கள் செலவையும் நானே கட்ட வேண்டுமென்றார் நீதிபதி. என் பிறக்கிராசிக்கு வேறு கொடுக்க வேண்டும்.

செலவைப் பற்றி நான் அழவில்லை. ஒன்றுதான் கேட்கிறேன். தங்கச்சிக்கு எழுதுகிற கடிதத்துக்கு எந்த அண்ணன் பிரதி எடுத்து வைப்பான்?

சின்னத்தங்கம்


புளியந்தீவு
15.12.1936

என் தங்கச்சிக்கு,

ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

பிரதி எடுக்கச் சொன்னது பிறக்கிராசி. "திகதி போட்டு எழுதும். அவள் மறுத்தால் செலவு அவள் தலையில்" என்றார். நான் எழுதினேன். ஆனால் தர மனமில்லாமல் எழுதவில்லை, தங்கச்சி. நீ ஓம் என்றிருந்தால் அன்றைக்கே நொத்தாரிசிடம் போய் உறுதி எழுதியிருப்பேன். அவர் வாசிக்கும்போது நான் தலை நிமிரவில்லை. நீ பார்த்திருப்பாய்.

செலவில் ஒரு சதமும் எனக்கு வேண்டாம். கோட்டுக்கும் எழுதிக் கொடுக்கிறேன். காணியை விற்றுவிடாதே. ஞாயிற்றுக்கிழமை வாறன். கதவைத் திற.

அண்ணன்


களுவாஞ்சிக்குடி
23.12.1936

அண்ணனுக்கு,

நீங்கள் வாசல் படலையில் நின்று என் பேர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. உள்ளேதான் இருந்தேன். எழும்ப முடியவில்லை.

உங்கள் கடிதம் வர முதலே இவர் இரண்டு ஏக்கரையும் ஏறாவூர் வியாபாரி ஒருவருக்கு விற்றுச் செலவைக் கோட்டில் கட்டிவிட்டார். அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம். இவர் வாங்கமாட்டார்.

நீங்கள் சொல்வதை நம்பத்தான் பார்க்கிறேன். ஆனால் எந்த வரி அண்ணன் எழுதியது, எது பிறக்கிராசி எழுதுவித்தது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. காணி போனதைவிட அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

தையில் அன்னத்துக்குக் கலியாணம். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் சின்னம்மாவின் மகன் கதிர்காமத்தம்பி நிற்பான். கேட்டாயிற்று. "என்ட மாமா வராம நான் மணவறையில இருக்கமாட்டன்" என்றாள் அன்னம். அவளை அடித்துவிட்டேன். இதுவரை அவளில் கை வைத்ததில்லை.

நீங்கள் வர வேண்டாம். உங்களைக் கண்டால் நான் அழுதுவிடுவேன். கலியாண வீட்டில் அழக்கூடாது.

சின்னத்தங்கம்