நாற்பது மைலில் வந்த நடுக்கம்

அண்ணா,

இன்று காலை சேலத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கை எனக்குக் கிடைத்தது. மல்லூர் தாண்டிச் சாலை நேராக நீளும் இடத்தில் அவர் வேகத்தைக் கூட்டினார். ஸ்டீயரிங் வட்டம் அவர் பிடிக்குள் நடுங்கத் தொடங்கியது. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு, அப்புறம் தோள்வரை சட்டைக்கை முழுதும் துடித்தது. அவர் வேகத்தைக் குறைத்தார், நடுக்கம் நின்றது. பக்கத்தில் இருந்த பெரியவர் ரோட்டைத் திட்டினார். நான் எனக்குள், "ரோடு இல்லை, முன் சக்கரம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது உங்கள் குரலில் வந்தது என்று தெரிந்தது.

நீங்கள் போய் இரண்டு ஐப்பசி ஆகிவிட்டது. உங்களுக்கு எழுத வேண்டுமென்று பலமுறை உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். அம்மாவை நினைத்துத்தான் எழுதவில்லை. உங்களைத் தன் கையாலேயே போக்கிவிட்டதாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அதை உங்களிடம் எப்படிச் சொல்வது? இப்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது. அதற்கு முன், அந்த நடுக்கத்தின் நாட்களை ஒருமுறை உங்களோடு சேர்ந்து நடந்துவிட்டு வருகிறேன்.

சேலத்தில் ஒரு வக்கீல் வைத்திருந்த பழைய கார் அது. பின்பாதியை அறுத்து எடுத்துவிட்டுப் பலகை அடித்துச் சாமான் ஏற்றும் வண்டியாக்கி ஓட்டி வந்தீர்கள். முன்னால் பார்த்தால் வக்கீல், பின்னால் பார்த்தால் கட்டை வண்டி என்று நீங்களே சிரித்தீர்கள். கொடிக்காலில் காலையில் கிள்ளிய வெற்றிலை பிற்பகல் ரயிலுக்குச் சேலம் போய்ச் சேர வேண்டும் என்பது உங்கள் ஆசை. மாட்டு வண்டியில் போகிற வெற்றிலை வழியிலேயே சூடேறி, கட்டின் நடுவில் வெந்து கருத்துவிடும். அப்பாவுக்கு மோட்டாரில் மனம் ஒப்பவில்லை. நம் வெள்ளைக் காளை செத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மிஞ்சிய மாட்டுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தவரிடம் நீங்கள் மோட்டாரைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். அவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "தை வரைக்கும் ஓட்டிப் பாரு. ரயிலப் புடிச்சியானா மோட்டாரு. இல்லாட்டி மாடு" என்றார்.

வாங்கி வந்த அன்று வெண்ணெயில் கத்தி போவதுபோல் வந்தது என்று சொன்னீர்கள். மறுநாள் பூசை போட்டோம். அடுத்த நாள் முதல் சவாரியிலேயே நடுக்கம் வந்துவிட்டது. முப்பது மைல் வரைக்கும் ஒன்றும் இல்லை. முப்பத்தைந்தில் ஸ்டீயரிங் முணுமுணுக்கும். நாற்பதில் இரண்டு கையாலும் பிடிக்க முடியாமல் ஆடும். பயந்து இருபத்தைந்திலேயே உருட்டிக்கொண்டு போனால் ரயில் போய்விட்டிருக்கும். இரண்டாம் முறை ரயில் தவறியபோது சேலத்து வெற்றிலை வியாபாரி, இனி ஒருமுறை இப்படி ஆனால் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அன்று மாமா வாசலில் நின்று கேட்டது உங்களுக்கு மறந்திருக்காது.

"ஏனப்பா, உம்பட மோட்டாருக்குச் சாமி வந்திருச்சாமே? எந்தச் சாமி எறங்கியிருக்குதுன்னு கேட்டுப் பாத்தியா?"

"கேட்டனுங்க மாமா. உங்க கொலசாமியாம். கெடா வெட்டச் சொல்லுது" என்றீர்கள். மாமா பிறகு நெடுநாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அன்று சாப்பிடும்போது உங்கள் கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது, வாய்க்குப் போகவில்லை.

அம்மாதான் என்னை உங்களோடு அனுப்பினாள். எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்து, மேலே என்ன என்று யாரும் தீர்மானிக்காத சமயம். ஒரு மூலையில் உட்கார்ந்து கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். "நீயும் போ சாமி. பொட்டப்புள்ள கூட இருந்தா வேகமா ஓட்ட மாட்டான்" என்றாள். வேகமாக ஓட்டினால்தான் நடுக்கத்தைப் பார்க்க முடியும் என்பது அவளுக்குத் தெரியாது. ஊரைத் தாண்டியதும் நீங்கள், "அம்முணி, முள்ளப் பாத்துட்டே வா. நான் ரோட்டப் பாக்கறேன்" என்றீர்கள். அன்று முதல் மைல் காட்டும் முள் என் பொறுப்பாயிற்று.

சேலத்துப் பட்டறையில் ஸ்டீயரிங்கின் மூட்டுகளை எல்லாம் முடுக்கி, மசகு போட்டு, தேய்மானம் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். வட்டம் திருப்பக் கனமானதுதான் மிச்சம். நாற்பதில் அதே ஆட்டம். பிறகு எஞ்சினைச் சந்தேகப்பட்டீர்கள். ராசிபுரத்துக்கு அப்பால் ஒரு இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு, எஞ்சினை அமர்த்தி, சத்தமில்லாமல் உருள விட்டீர்கள். காற்று மட்டும் காதில் இரைந்தது. முள் நாற்பதைத் தொட்டதும் ஸ்டீயரிங் ஆடியது. "எஞ்சினு தூங்குது, இது ஆடுது. அப்ப எஞ்சின் மேல பழியில்ல" என்றீர்கள். குற்றவாளிக் கூண்டிலிருந்து ஒருவரை இறக்கிவிட்ட நீதிபதி மாதிரி இருந்தது உங்கள் முகம்.

அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். "எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்துனா எது சரியாச்சுன்னு தெரியாமப் போயிரும். ஒண்ண மட்டும் மாத்துவோம்" என்று சொல்லி, சாலையோரப் புளியமரத்தடியில் ஜாக்கி போட்டு, இடப்பக்க முன் சக்கரத்தைக் கழற்றிப் பின்னாலும், பின் சக்கரத்தை முன்னாலும் போட்டீர்கள். மறுபடி நாற்பது. ஸ்டீயரிங் அமைதியாக இருந்தது. ஆனால் நாம் உட்கார்ந்திருந்த பலகை கடகடவென்று அடித்தது. உங்களுக்கு முன்னால் நான்தான் சிரித்தேன். "ஏனுங்கண்ணா, நடுக்கம் பின்னால போயிருச்சுங்க" என்றேன். நீங்கள் வண்டியை நிறுத்தி இறங்கிப்போய் அந்தச் சக்கரத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள், ஒளிந்து விளையாடும் பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டவர்போல.

வீட்டுக்கு வந்ததும் அதை மறுபடி ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றிவிட்டீர்கள். சுழன்று, மெல்லத் தயங்கி, பின்னோக்கிக் கொஞ்சம் ஆடி நின்றது. கீழே வந்த இடத்தில் நான் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். திரும்பச் சுற்றினீர்கள். கோடு கீழே வந்து நின்றது. எத்தனை முறை சுற்றினாலும் கோடு கீழேதான் வந்தது. அந்தப் பக்கம் ஏதோ கனம் இருக்கிறது என்று அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான்கு சக்கரங்களின் உட்புறத்திலும் கொடிக்கால் வாய்க்கால் பாதையின் சேறு காய்ந்து அப்பியிருந்ததால், கழற்றி மாட்டியபோதுகூட நமக்கு வித்தியாசம் தெரியவில்லை. கோட்டுக்கு நேராக இருந்த சேற்றில் நீங்கள் தண்ணீரை ஊற்றினீர்கள். மண் கரைந்து மஞ்சள் துணி தெரிந்தது. சக்கரத்தின் ஆரக்கம்பிகளுக்கு நடுவில், விளிம்பை ஒட்டி, இறுக்கிக் கட்டிய ஒரு முடிச்சு. ஓரத்தை விலக்கிப் பார்த்தால் வெள்ளைக் காளையின் லாடங்கள். காலுக்கு இரண்டாக எட்டும் இருந்தன.

அம்மா சமையல் கட்டிலிருந்து ஓடி வந்தாள். "அத அவுக்காத சாமி" என்றாள்.

நம் வீட்டில் புது வண்டி வாங்கினால், பழைய வண்டியை இழுத்த நல்ல மாட்டின் லாடத்தை நுகத்தடியில் கட்டுவது வழக்கம். ஒருநாளும் கால் இடறாத மாட்டின் லாடம் புது வண்டியையும் இடறாமல் கொண்டுபோகும் என்பார்கள். மோட்டாருக்கு நுகத்தடி இல்லை. இழுக்க மாடும் இல்லை. அம்மா பூசையன்று வெகுநேரம் யோசித்திருக்கிறாள். எது தரையை மிதித்து ஓடுகிறதோ அதுதானே கால்? ஆகவே சக்கரத்தில் கட்டிவிட்டாள். உங்கள் உயிர் பத்திரமாக இருக்க வேண்டும் என்று கட்டியதுதான் உங்கள் கையை உதறிக்கொண்டிருந்தது. எந்த மோட்டார்ப் புத்தகமும் இதை எழுதியிருக்காது.

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். அப்பா கொட்டகை வாசலில் வந்து நின்றுவிட்டார். தைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நீங்களோ அம்மாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, லாடங்களை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தீர்கள்.

"ஏம்மா, வெள்ளையனுக்கு எத்தன காலு?"

"நாலு."

"நாலு கால் லாடத்தையும் ஒத்தக் கால்ல அடிச்சா அவன் நொண்டுவானா, ஓடுவானா?"

அம்மா லாடங்களைப் பார்த்தாள், பிறகு மோட்டாரைப் பார்த்தாள். "நொண்டுவான்" என்றாள். பிறகு தானே மஞ்சள் துணியைக் கிழித்து, சக்கரத்துக்கு இரண்டாக, நீங்கள் காட்டிய இடங்களில் எதிரெதிராக வைத்துக் கட்டினாள். கடைசி முடிச்சைப் போடும்போது எதையோ முணுமுணுத்தாள். வெள்ளையனிடம் மன்னிப்புக் கேட்டிருப்பாள்.

மறுநாள் வெற்றிலைக் கட்டோடு நாம் போனதை நான் விவரிக்க வேண்டியதில்லை. நாற்பதில் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, விரித்து, எனக்குக் காட்டினீர்கள். நாம் போய்ச் சேர்ந்தபோது ரயில் இன்னும் வந்திருக்கவில்லை. அப்பா அன்று மாலை, ஜோடி மாடு பார்க்க வரச் சொல்லியிருந்த தரகருக்கு ஆள் அனுப்பி வேண்டாம் என்றார்.

மூன்று வருஷம் ஓட்டினீர்கள். பிறகு அந்த ஐப்பசியில் ஆறு கரை மீறி வந்தது, வெள்ளம் வடிந்ததும் காய்ச்சல் வந்தது, நீங்கள் போய்விட்டீர்கள்.

அம்மா அழுததைவிட யோசித்ததுதான் அதிகம். ஒருநாள் என்னிடம், "கட்டுனதப் பிரிச்சிருக்கக் கூடாது சாமி. என்ற கையிலயே நாலாப் பிரிச்சுக் கட்டுனேன். வெள்ளையன் காவல எடுத்துட்டுப் போயிட்டான்" என்றாள். நான் படித்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. அவளுடைய நடுக்கம் நின்றபாடில்லை. அப்பா மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டார். திருப்பத்தில் இன்றும் "ஹை, ஹை" என்று அதட்டுகிறார். ஆனால் அம்மா மோட்டார் பக்கமே போகவில்லை.

போன வருஷம் ஒரு மத்தியானம், அவளோடு வாதாடுவதை விட்டுவிட்டு உங்கள் வழியில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். "அம்மா, அந்த வருஷம் காய்ச்சல் வந்த வீடுகளைச் சொல்லுங்க" என்றேன். அவள் தெருவை மனசுக்குள் நடந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். "அவங்கள்ல யாரு மோட்டாரு வெச்சிருந்தாங்க? எந்த லாடத்த அவுத்தாங்க?" என்றேன். அவள் கையை விரித்தாள். "காய்ச்சல் வராத வீடு?" என்றேன். மேட்டுத் தெரு முழுதும் என்றாள். மேட்டுத் தெருவுக்கு வேறு கிணறு. நம் கிணற்றில்தான் வெள்ளம் புகுந்தது.

"தண்ணியா?" என்றாள்.

"தண்ணிதானுங்கம்மா."

அன்று அவள் அழுதாள், அண்ணா. முதல்முறையாக உங்களுக்காக மட்டும் அழுதாள்.

அம்மா இப்போது வேறு ஆள். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றை இறைத்துச் சுண்ணாம்பு போடும்வரை அப்பாவைத் தூங்க விடுவதில்லை. பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைக்கிறாள். யார் வீட்டிலாவது பச்சைத் தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுத்தால் வாசலேறிப் போய்ச் சண்டை போடுகிறாள். இவளுக்கு வேறு வேலை இல்லையா என்று முதலில் முகம் சுளித்தவர்கள் இப்போது அண்டா வைத்திருக்கிறார்கள்.

நான் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான். ஏதாவது நடுங்கினால் அதைத் திட்டுவதில்லை. பயந்து ஓடுவதும் இல்லை. எங்கிருந்து வருகிறது என்று கையை வைத்துப் பார்க்கிறேன். ஆனி பிறந்தால் தம்மம்பட்டிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகப் போகிறேன். அந்தப் பிள்ளைகளுக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க நினைத்திருக்கிறேன்.

இந்த ஐப்பசியிலும் ஆறு பெருகி வந்தது. வந்து வடிந்தது. கார்த்திகையும் கழிந்துவிட்டது. நம் தெருவில் ஒரு வீட்டிலும் காய்ச்சல் இல்லை, அண்ணா.