நான் வைக்காமல் விட்ட புள்ளி

அண்ணா,

இன்று காலை அல்சூர் ஏரிக்குப் பக்கத்து பெட்ரோல் பங்கில் அப்பா டீசல் போட்டார். பம்ப் தானாக நின்றதும் பங்க்காரர் குழாயை வெளியே எடுக்கப் போனார். "நுரை அடங்கட்டும்" என்று என் வாயில் வந்துவிட்டது. அது உங்கள் வார்த்தை. டீசல் நுரைத்துக்கொண்டு மேலே வரும், முதல் தடவை நிற்கும்போது டேங்க் நிரம்பியிருக்காது, கொஞ்சம் பொறுத்து இன்னும் கொஞ்சம் விட்டால்தான் அளவு சரியாக இருக்கும் என்று சொன்னவர் நீங்கள். அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வந்த டீசல் வாசனை வீடு வரைக்கும் கூடவே வந்தது.

அந்தக் கார் என்னைவிட ஒரு வயதுதான் சின்னது. கிளட்ச் இல்லாத வண்டி என்றால் அம்மா சுலபமாகக் கற்றுக்கொள்வாள் என்று நினைத்து, யாரோ ஓட்டிப் பழசான அந்த டீசல் ஆட்டோமேட்டிக்கை அப்பா வாங்கினார். அம்மா ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை. அதனால் டிரைவராக நீங்கள் வந்தீர்கள். தினமும் காலையில் ஆஸ்டின் டவுனிலிருந்து பைக்கில் வந்து, ஹெல்மெட்டை வாட்ச்மேன் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, பானெட்டை ஒரு தட்டுத் தட்டுவீர்கள். "இது வண்டி இல்ல பாப்பா, யானை. நின்னாலும் தின்னும்" என்பீர்கள். நான் சிரிப்பேன். அதில் இருந்த விஷயத்தை நான் கவனிக்கவில்லை.

ஸ்கூல் மூன்றரைக்கு விடும். ரிச்சர்ட்ஸ் டவுனில் கணக்கு டியூஷன் ஐந்து மணிக்கு. நடுவில் இருக்கும் நேரத்தில் டியூஷன் மிஸ் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்ய வேண்டும் என்பது அம்மாவின் ஏற்பாடு. நான் ஒரு நாள்கூட அப்படிச் செய்யவில்லை. பார்க் ஓரத்து மரத்தடியில் நீங்கள் காரை நிறுத்துவீர்கள். பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு நான் லைப்ரரிக் கதைப்புத்தகம் படிப்பேன். ஜன்னலைத் திறந்தால் தூசியில் எனக்குத் தும்மல் வரும். அதனால் ஏசி, அதனால் இஞ்சின். "ஆஃப் பண்ணிடவா பாப்பா?" என்று ஆரம்பத்தில் கேட்டீர்கள். "ப்ளீஸ் அண்ணா, இந்த ஒரு சாப்டர்" என்றேன். பிறகு நீங்கள் கேட்பதை விட்டுவிட்டீர்கள். கியரை 'பி'யில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கார் கண்ணில் படுகிற மாதிரி பார்க் சுவரில் உட்கார்ந்திருப்பீர்கள். தினமும் ஒரு மணி நேரம். அம்மாவிடம் நீங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதுகூட இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஜூலை மாதம் அப்பா என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். கார் எவ்வளவு மைலேஜ் தருகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஒரு வேலை கிடைத்த சந்தோஷம். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய லிட்டர். ஒவ்வொரு வாரமும் ஃபுல் டேங்க் போடும்போது நீங்களே பங்க்காரரை நிறுத்தி, நுரை அடங்கக் காத்திருந்து, "இப்ப எழுதிக்க பாப்பா" என்பீர்கள். உங்களுக்கு எதிராக எழுதிய அந்த நோட்டில் தப்பு வந்துவிடக் கூடாது என்று நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள்.

ஐந்து வாரம். முதல் மூன்று வாரமும் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டரை ஒட்டியே வந்தது. நான்காவது வாரம் டியூஷன் மிஸ் ஊருக்குப் போயிருந்தார். ஸ்கூலிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தோம். அந்த வாரம் பத்து வந்தது. ஐந்தாவது வாரம் மறுபடி ஏழு.

அன்று சாயங்காலம் கிராஃப் தாளை விரித்து வைத்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. மீட்டர் ஓடிய தூரத்தைத்தான் எண்ணும், நின்ற நேரத்தை எண்ணாது. அந்தப் பத்தை வைத்தால் அப்பா, "இந்த வாரம் மட்டும் எப்படி?" என்று கேட்பார். கேட்டால் மரத்தடி வரும், கதைப்புத்தகம் வரும், அம்மாவின் முகம் வரும். நான்கு புள்ளிகளை மட்டும் வைத்துக் கோடு போட்டேன். நோட்டிலும் அந்த வரியை அழித்தேன். அறிவியல் மிஸ் என்னைத்தான் வகுப்பிலேயே ஒழுங்காக கிராஃப் போடுகிறவள் என்பார்.

அடுத்த நாள் அப்பா உங்களை மேலே கூப்பிட்டார். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலில் நின்றீர்கள். அப்பா கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"என் ஃப்ரெண்டுகிட்டயும் இதே வண்டிதான். இதே ஊரு, இதே ட்ராஃபிக். அவனுக்குப் பத்து வருது. இது ஏழுதான் குடுக்குது. மிச்ச டீசல் எங்கப்பா போகுது?"

"டவுன்ல நின்னு நின்னு போவுது சார். ஆட்டோமேட்டிக் வேற. அப்படித்தான் குடிக்கும்."

"புள்ள கிராஃபே போட்டுக் காட்டுது."

நீங்கள் குனிந்து மேஜை மேலிருந்த தாளைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "அழகா போட்டிருக்க பாப்பா" என்றீர்கள். அதில் கிண்டல் இருந்ததா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். இல்லை. அப்பாவிடம், நாளையிலிருந்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சாவியை ஷூ ஸ்டாண்ட் மேல் வைத்தீர்கள்.

நான் லிஃப்ட் வரைக்கும் வந்தேன். சொல்ல வந்தேனா, பார்க்க வந்தேனா, எனக்கே தெரியவில்லை. லிஃப்ட் கதவு மூடுவதற்கு முன்னால் குரலைத் தாழ்த்தி நீங்கள்தான் பேசினீர்கள்.

"புக்கு பின் சீட்டுக்கு அடில இருக்கு பாப்பா. சார் பாக்குறதுக்கு முன்னாடி எடுத்துடு."

எடுத்துக்கொண்டேன். அதுதான் நான் அன்று செய்த ஒரே காரியம்.

அதன் பிறகு எனக்கு ஸ்கூல் பஸ். காரை அப்பாவே ஓட்டினார். மரத்தடியில் யாரும் உட்காரவில்லை. மூன்றாவது வாரம் பத்து வந்தது. அப்பா நோட்டைத் தட்டி, "பாத்தியா?" என்றார். அம்மாவும் தலையை ஆட்டினாள். நான் மறைத்த அதே எண், நீங்கள் திருடினீர்கள் என்பதற்குச் சாட்சியாக வந்து நின்றது. அப்போதும் நான் பேசவில்லை. எட்டு மாதம் பேசவில்லை.

போன மாதம் வாட்ச்மேன் சொன்னார், உங்களுக்கு மாரடைப்பு என்று. அதற்குள் நீங்கள் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் அழித்த வரியை அப்பாவிடம் காட்டினேன். பென்சில் அழுத்திய தடம் தாளில் அப்படியே இருந்தது. அப்பா விரலால் தடவிப் பார்த்தார். "ஏன்மா அப்பவே சொல்லல?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. நான் திட்டுக்காகக் காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் உங்கள் வீட்டுக்குப் போனோம். என்ன சொல்ல வேண்டும் என்று அப்பா வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார், உதடு அசைந்தது. உங்கள் மனைவி, அந்த அக்கா, நாற்காலி போட்டு, டீ கொடுத்தார்.

"பாப்பா வளந்துடுச்சு, ஸ்கூல் பஸ்ல போவுது, இனி வண்டிக்கு ஆள் வேணாம்னு எங்கிட்ட சொன்னாரு" என்றார் அக்கா. "உங்க வீட்டப் பத்தி ஒரு கொறை சொன்னதில்ல சார்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றால், உங்கள் புருஷனைத் திருடன் என்றோம் என்று முதலில் சொல்ல வேண்டும். நீங்கள் அந்த வீட்டுக்குள் வரவிடாமல் வைத்திருந்த வார்த்தை அது. அதை நாங்கள் எப்படிக் கொண்டுபோய் வைப்பது? டீயைக் குடித்துவிட்டு, கொண்டுபோன மன்னிப்போடு திரும்பி வந்தோம். காரில் உட்கார்ந்த பிறகும் அப்பா ரொம்ப நேரம் சாவியைத் திருப்பவில்லை.

அந்த நோட்டு இப்போது என் ஸ்கூல் பையில்தான் இருக்கிறது. அதற்குள் மடித்து வைத்திருக்கும் கிராஃப் தாளில், விட்டுப்போன புள்ளியைப் பேனாவால் அதன் இடத்தில் வைத்துவிட்டேன். நோட்டில் 'நின்ற நேரம்' என்று நான்காவதாக ஒரு கட்டமும் போட்டேன். ஏழு வந்த நான்கு வாரங்களுக்கும் எதிரே ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருக்கிறேன்: தினமும் ஒரு மணி நேரம், நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.