நீட்டும்போது மட்டும்

1993 பெப்ரவரி 11
தம்பி இன்றும் சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாமல் அழுதான். கையை உயர்த்தினால் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. "பொம்பர் நடுக்கம். கொக்குவிலிலை ஆருக்கு இல்லை?" என்கிறார் அம்மா. குண்டு போடும் பொம்பர் விமானம் வராத நாட்களிலும் ஆடுகிறதே?

பெப்ரவரி 16
செபநாயகம் டொக்டர் தம்பியின் கையை மடியில் வைக்கச் சொன்னார். அசையவில்லை. தன் விரலைத் தொடச் சொன்னார் – கை சிறகு போல அடித்தது.
"வயசானவைக்கு வாற நடுக்கம் சும்மா இருக்கேக்கை ஆடும். இது வேறை. மூளையைப் படமெடுத்துப் பாத்தால்தான் என்னெண்டு பிரிச்சுச் சொல்லலாம், பிள்ளை."
அந்த ஸ்கான் மெசின் கொழும்பில். தம்பிக்கு இருபது வயது. இந்த வயதுப் பெடியனை யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே விட இயக்கத்திலை ஆர் பாஸ் குடுப்பினம்?
மனதைப் பற்றி அலமாரி நிறைய நாவல் வாசித்தவள் நான். மூளையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மார்ச் 2
பாஸ் கந்தோர். மேசைமேல் கிடந்த தம்பியின் கையைப் பார்த்து அங்கிருந்தவர் சிரித்தார். "நடுக்கம் எங்கை? வீட்டிலை விட்டிட்டு வந்திட்டாரோ?"
சும்மா இருக்கும்போது ஆடாது, அதுதான் வருத்தமே என்றேன்.
"நல்ல வருத்தம், தங்கச்சி. கொழும்பு ஆசை வந்தால் எல்லாருக்கும் உது வரும்."
தம்பி அவருடைய பேனையை எடுக்கக் கை நீட்டினான். ஜாம்போத்தல் விளக்கு தட்டுப்பட்டு உடைந்தது.
"நடிக்கவும் தெரியுது" என்றார்.

மார்ச் 3
ஏலாது. எனக்கு ஏலாது.

மார்ச் 24
வாசற்படியில் விழுந்தான். நாக்கும் இழுபடுகிறது. "அக்கா, நான் நடிக்கேல்லை." எனக்கேன் அதைச் சொல்கிறாய், தம்பி?

ஏப்ரல் 19
டொக்டரே கந்தோருக்கு வந்து, அவர்கள் முன்னால் தம்பியைத் தண்ணீர் குடிக்க வைத்தார். சட்டையெல்லாம் தண்ணீர். ஒருவரும் சிரிக்கவில்லை.
தம்பிக்கும் அம்மாவுக்கும் பாஸ் கிடைத்தது. நான் பிணை. அவன் திரும்பி வரும்வரை நான் குடாநாட்டை விட்டு வெளியேற முடியாது. பரவாயில்லை. நான் எங்கே போகப் போகிறேன்?

ஏப்ரல் 22
நேவிக்குத் தப்பி, இரவில் கிளாலிக் கடலேரியால் போனார்கள். வள்ளம் கரை சேர்ந்ததா – தெரியாது.

மே 15
பஞ்சலிங்கம் மாமா கொழும்பிலிருந்து வந்தார். படத்தில் மூளையின் இரண்டு பக்கமும் கறுப்பு விழுந்திருந்ததாம். அதைப் பார்த்துத்தான் இரத்தத்தையும் கண்ணையும் சோதித்தார்களாம். உடம்பு வெளியே தள்ளாத செம்பு உள்ளே படிகிற வருத்தம். மருந்து இருக்கிறது!
"பெடியன் தப்பிட்டான். ஆனால் மருந்து அங்கைதான். அவன் இனி இஞ்சாலை வரேலாது."
சந்தோஷத்தில் அழுதேன். மாமா படலையடியில் நின்றார், போகவில்லை.
"பிள்ளை, உது பரம்பரையாலை வாறதாம். கூடப்பிறந்தவையையும் உடனை ஸ்கான் எடுத்துப் பாக்கச் சொன்னவை. கொம்மா ஒரே அழுகை."
அவன் வராமல் எனக்குப் பாஸ் இல்லை.

மே 16
காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுக்கவில்லை. மேசையில் இருந்தபடியே குனிந்து குடித்தேன்.