மாத்தளைக் கிராம்பும் என் பெருவிரலும்

குற்றாலம்
20.1.67, வெள்ளிக்கிழமை

என் மகள் ஆவுடைத்தாய்க்கு அப்பா சொல்லி எழுதுவது. குத்தாலநாதர் புண்ணியத்துல இங்கன அடுப்பு எரியுது, தோட்டத்துல ஆள் நடமாட்டம் இருக்கு, எனக்கு முழங்கால் குடைச்சலைத் தவிர வேற குறை இல்லை. அங்கன இலங்கையில, மாத்தளையில நீயும் மாப்பிள்ளை ஆதித்தனும் பேரன் குமாரும், இந்த முழங்கால் குடைச்சல் மட்டும் இல்லாம, இதே மாதிரி இருக்கணும். நீ மார்கழியில போட்ட கடுதாசி பொங்கலுக்கு மறுநாள்தான் கைக்கு வந்துச்சு. உன் மதினி மாரித்தாய் ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டினா. இதை எழுதுறதும் அவதான். நான் சொன்னதைச் சொன்னபடி எழுதணும், தன் புருசனான உன் அண்ணன் பக்கம் சாய்ச்சு எழுதப்பிடாதுன்னு முதல்லயே சொல்லிட்டேன், சரி மாமான்னு தலையை ஆட்டிட்டு உக்காந்திருக்கா. டில்லிக்குப் போற மனுவுல கைநாட்டு வச்சிராதீங்கப்பா, வச்சா எங்க கிராம்புக் கடை இந்த வருசத்தோட சாத்துனதுதான்னு நீ எழுதியிருந்தியே, அதுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. சட்டுன்னு ஒரு வார்த்தையில சொல்லிர முடியலை. பழசுல இருந்து வரணும்.

செங்கோட்டை மலையாளத்தை விட்டு நம்ம ராச்சியத்தோட சேர்ந்த மறு வருசம் அது. அணா போயி நயா பைசா வந்து, தென்காசிச் சந்தையில வெத்திலைக்காரிகளும் வாங்க வந்தவங்களும் கணக்குப் புரியாம ஒருத்தர் முடியை ஒருத்தர் பிடிக்காத குறையா நின்ன வருசம். எலெக்சன் முடிஞ்சும் நம்ம சுவத்துல எழுதின காங்கிரசுக் காளை மாடு அழியாமக் கிடந்துச்சு. நீ தலைப்பிள்ளைக்கு இங்கன வந்து வயித்தைத் தள்ளிக்கிட்டு உக்காந்திருந்தே. அந்த வருசம் சான்சிபாருங்கிற தேசத்துல மரம் தாங்காத விளைச்சலாம். பம்பாயில கப்பல் கப்பலாக் கிராம்பு இறங்குது. நான் நம்ம சரக்கைக் கொண்டுபோயி அப்துல் ஜப்பார் ராவுத்தர் கடையில வச்சா, அவரு ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்துட்டு, வாசத்துக்கு ஒரு குறையும் இல்லை அண்ணாச்சி, வாங்கத்தான் நாதி இல்லைன்னு திரும்பச் சாக்குலயே போட்டுட்டாரு. பறிக்குற கூலிக்குக்கூடக் கட்டாதுன்னு மரத்துலயே மொட்டை விட்டோம். சிவந்து, விரிஞ்சு, பூவா உதிர்ந்து காடே மணக்குது. கிராம்பு மரம் பூத்துக் குலுங்குனா பார்க்க வந்தவன் ஆகான்னு சொல்லுவான், தோட்டக்காரன் வயித்துல அடிச்சுக்கிடுவான். விரியுமுன்னே பறிச்சாத்தானே அது கிராம்பு.

அப்பத்தான் தோட்டக்காரங்க ஆறு பேரு சேர்ந்து திருநெல்வேலிக்குப் போயி அதிகாரியைப் பார்த்து மனு குடுத்தோம். வெளிநாட்டுக் கிராம்பை உள்ள விடக்கூடாதுன்னு எழுதியிருக்குன்னு வாசிச்சுக் காட்டினாங்க. ரொம்பச் சரின்னு விரலை வச்சேன். அந்த ஆறு பேருல ஒருத்தனுக்காவது மாத்தளை வெளிநாடுன்னு தோணலை பாத்துக்கோ. எப்படித் தோணும்? உன்னைய மாப்பிள்ளையோட ரயிலேத்தி விட்டப்ப மதுரைக்கு விடுறதைவிட ஒரு கட்டுச்சோறு கூட, அம்புட்டுத்தான். அங்கனயும் மாரியம்மன் கோயிலு, அங்கனயும் தேரு, அங்கனயும் தமிழ் பேசுற சனம். பாஸ்போர்ட்டுல உன் போட்டோவை ஒட்டினப்பகூட ரயில் சீட்டு மாதிரி இது கப்பலுக்கு ஒரு சீட்டுன்னுதான் நினைச்சேன். வெளிநாடுன்னா எங்களுக்குச் சான்சிபாரு. கண்ணால பார்க்காத ஊரு. நாலைஞ்சு மாசம் கழிச்சு, வெளிநாட்டுச் சாமான் வாங்க சர்க்காருகிட்டக் காசு இல்லையாம், இனிமே லைசென்சு இருந்தாத்தான் கிராம்பு வருமாம்னு பேப்பர்ல வந்துச்சு. எங்க மனுவாலயா, டில்லியில கை வறண்டதாலயான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. நாங்க ஆறு பேரும் எங்களாலதான்னு இலஞ்சிக் குமாரருக்குப் பால்குடம் எடுத்தோம். நான் குடத்தை இறக்கி வச்சிட்டு வீட்டுக்குள்ள வாறேன், மாப்பிள்ளைகிட்ட இருந்து உனக்குக் கடுதாசி. தூத்துக்குடிக்குத் தோணியேற வேண்டிய சாக்குகளைக் கொழும்புத் துறையிலயே நிறுத்திட்டாங்க, கடல் காத்துல பூசணம் பிடிக்குதுன்னு எழுதியிருந்தாரு. நீ அதை வாசிச்சுட்டு மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டே. பிறகு பேரனைப் பார்க்க வந்தப்ப மாப்பிள்ளைதான் சிரிச்சுக்கிட்டே, டில்லிக்காரனுக்கு மாத்தளையும் சான்சிபாரும் ஒண்ணுதான் மாமா, உங்க பெருவிரலு கடலைத் தாண்டி வந்து என் கடைப் பலகையைச் சாத்திட்டுதுன்னாரு. அதை நம்ம வீட்டுல எல்லாரும் இன்னைக்கு வரைக்கும் சொல்லிச் சிரிக்கோம். சிரிச்சாலும் அது மெய்தானே.

கதவு அடைபட்டதும் நம்ம கிராம்புக்கு வந்த வெலையைப் பார்த்து உன் அண்ணன் சங்கிலிப்பாண்டிக்குத் தலைகால் தெரியலை. மேட்டுல நின்ன காப்பிச் செடியைப் பூரா வெட்டிட்டு, மங்குஸ்தானையும் பாதிக்கு மேல சாய்ச்சுட்டு, அடுத்த சாரலுக்குக் கிராம்பு நாத்து வச்சான். ஏலே, இந்த மரம் ஏழெட்டு வருசம் கழிச்சுல்லா மொட்டு விடும், அதுவரைக்கும் டில்லிக்காரன் கதவை அடைச்சே வச்சிருப்பான்னு உனக்கு எவன் சொன்னான்னு கேட்டேன். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது சும்மா இருங்கன்னுட்டான். ஆனா அவன் பாடுபட்டதை நான் குறைச்சுச் சொல்லமாட்டேன். சித்திரை வெயில்ல ஓடையில இருந்து குடம் குடமாத் தோள்ல சுமந்து ஊத்தினான். இதை எழுதும்போது மாரித்தாய் கண்ணைத் துடைக்கா, அவளும்தான் சுமந்தா. அந்த மரங்கள் இந்தத் தையிலதான் முதமுதலா மொட்டு விட்டிருக்கு. இதே தையிலதான் ராவுத்தர் வந்து, நம்ம சர்க்காரும் கொழும்புச் சர்க்காரும் பேசுதாங்களாம், ஒப்பந்தம் ஒண்ணு வருமாம், அங்கன இருந்து கிராம்பு வர விடுவாங்களாம், பதிலுக்கு இங்கன இருந்து இடுப்புல கட்டுற சாரமும் மிளகா வத்தலும் அங்கன போகுமாம்னு சொல்லுதாரு. நீ அங்கன குத்துவிளக்கு ஏத்திக் கும்பிடுத சேதி இவனுக்கு இங்கன இடியா விழுது. ஒரே வயித்துல பிறந்த ரெண்டு பேரு, நடுவுல ஒரு கதவு. அது தொறந்தா ஒருத்தர் வீட்டுல சோறு, அடைச்சா இன்னொருத்தர் வீட்டுல சோறு. இதுல நான் எந்தப் பக்கம் நிக்க?

தோட்டத்துல பறிச்ச மொட்டுல இருந்து காம்பு கிள்ள இப்ப ஹைருன் பீவின்னு ஒருத்தி கடையநல்லூர்ல இருந்து வருதா. அவ வீட்டுல முன்னால ரெண்டு தறி ஓடுச்சு, நெய்த சாரம் முழுக்கக் கொழும்புக்குத்தான் போகும். இப்ப நாலைஞ்சு வருசமா அங்கன வெளித்துணியை விடுறதில்லை. அவங்களுக்கும் கை வறட்சிதான். தறியில கோழி முட்டை போடுதுன்னு சொல்லிச் சிரிக்கா. ஒருநாள் பாயில உக்காந்து கிள்ளிக்கிட்டே, அண்ணாச்சி, உங்க கிராம்புக்காக நீங்க அவுங்க மூஞ்சியில கதவை அடைச்சீங்க, அவுங்க எங்க சாரத்து மேல அடைச்சுட்டாங்க, கடைசியில ரெண்டு கதவுக்கும் நடுவுல மாட்டுனது என் விரலுன்னா. ஒண்ணாலதான் இன்னொண்ணு வந்துச்சான்னு எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கதவு தொறந்துட்டா நம்ம தோட்டத்துல அவளுக்குக் கிடைக்கிற கூலியும் போயிரும், அதையும் அவகிட்டச் சொன்னேன். அதுக்கு அவ, போகட்டும் அண்ணாச்சி, தறி இருக்குல்லா, கோழியை விரட்டிட்டா போச்சுன்னா. இவளுக்கு எது நல்லது, சங்கிலிக்கு எது நல்லது, உனக்கு எது நல்லதுன்னு யோசிச்சா மூணும் மூணு பக்கம் இழுக்கு. புளியறை எல்லைச் சாவடியில பாரு, ஒரே தேசத்துக்குள்ளயே அரிசியை மலையாளத்துப் பக்கம் கொண்டுபோகக்கூடாதுன்னு லாரியை நிறுத்தித் தார்ப்பாயை அவுக்கான், புனலூர்ல மகளைக் குடுத்தவன் பொங்கப்படிச் சீர் அரிசியை வேட்டிக்குள்ள கட்டிக்கிட்டுப் போறான். நம்ம நெல்லு நமக்கு இருக்கட்டும்னு சொல்லுததும் நியாயமாத்தான் இருக்கு. அவன் மக பொங்கல் வைக்கணும்னு நினைக்கிறதும் நியாயமாத்தான் இருக்கு.

திங்கக்கிழமை பால்வண்ணநாதன் பிள்ளை, அதான் மேலத்தோட்டத்துத் தில்லைநாயகம் பிள்ளை மகன், மனுவை எடுத்துக்கிட்டு நம்ம வீட்டுக்கே வந்தாரு. மத்த தோட்டக்காரங்க எல்லாரும் போட்டாச்சு, உங்க விரல்தான் பாக்கின்னாரு. தோட்டத்துப் பட்டா என் பேருல இருக்கு, சங்கிலி கையெழுத்து செல்லாது. வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கிராம்பை எந்தத் தேசத்துல இருந்தும் பத்து வருசத்துக்கு விடக்கூடாதுன்னு இருந்துச்சு. இலங்கையை மட்டும் அடிச்சுட்டுக் கொண்டாரும், வைக்கேன்னேன். உம்ம மக அங்கன இருக்கான்னு தேசத்துச் சட்டத்துல ஓட்டை போட முடியுமாவேன்னு கேட்டாரு. கேட்டது சரிதான். சரி, பத்து வருசங்கிறதை மூணு வருசமா ஆக்கும், சங்கிலி மரம் நின்னுக்கிடட்டும், பிறகு கொஞ்சங்கொஞ்சமாத் தொறக்கட்டும்னேன். மனுங்கிறது பேரம் பேசுற சந்தை இல்லை அண்ணாச்சின்னு சிரிச்சாரு. உன் அண்ணன் மை டப்பாவைத் திறந்து என் முன்னால வச்சிட்டு, மகளுக்குத்தான் தகப்பனா, எனக்கு இல்லையான்னு கேட்டான். வேற யாரும் கேட்டிருந்தா அறைஞ்சிருப்பேன். எந்திரிச்சுப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தேன். வந்து, வைக்கலைன்னு சொல்லிட்டேன். அன்னையில இருந்து அவன் என்கூட உக்காந்து சாப்பிடுததில்லை. தட்டை எடுத்துக்கிட்டுத் தோட்டத்துக்குப் போயிருதான். மாரித்தாய் இந்த இடத்துல பேனாவைக் கீழ வச்சிட்டா, நான்தான் எழுதுட்டின்னேன்.

உன் கடைக்காகத்தான் வைக்கலைன்னு நீ நினைச்சுக்கிடாதே. நான் வைக்காததால கதவு தொறந்துராது, அந்தக் காகிதம் என் விரல் இல்லாமலே டில்லிக்குப் போகும். அதனால மாப்பிள்ளைகிட்டச் சொல்லு, ஒப்பந்தம் வருதுன்னு நம்பி அங்கன உள்ள தோட்டத்துக்காரங்ககிட்ட முன்கூட்டியே சரக்கு வாங்கி அடுக்கவேண்டாம். வந்தா வரட்டும். கடையில பாதிக்குப் பலசரக்கு போடச் சொல்லு, அங்கன உள்ள சனம் தினமும் வாங்குற சாமான், எந்தக் கதவையும் தாண்ட வேண்டாத சாமானாப் பார்த்துப் போடச் சொல்லு. அப்படியும் முடியலைன்னா மூணு பேரும் கிளம்பி வாங்க, வீடு இருக்கு. ஆனா இங்கன வந்தா அண்ணன் மரத்துல உன் புருசன் ஏணி போட்டு மொட்டுப் பறிக்கவேண்டி வரும், அதுக்கு அவரு மனசு ஒப்புமான்னு நீதான் பார்த்துக்கிடணும். குமாருக்கு இருமல்னு எழுதியிருந்தே, பனங்கற்கண்டுல ரெண்டு கிராம்பைத் தட்டிப்போட்டுக் குடு, மாத்தளைக் கிராம்பே போதும், அதுலயும் வாசம் உண்டு.

குத்தாலநாதரும் குழல்வாய்மொழி அம்மையும் உன் குடித்தனத்துக்குத் துணை இருக்கட்டும், உன் கழுத்துத் தாலியும் பேரன் ஆயுசும் கெட்டியா இருக்கட்டும். மறக்காம அண்ணனுக்குன்னு தனியா நாலு வரி எழுது. மனுவைப் பத்தி ஒண்ணும் எழுதாதே. மரம் முதமுதலா மொட்டு விட்டிருக்காமே அண்ணேன்னு மட்டும் கேளு. அவன் அதை யார்கிட்டயாவது சொல்லணும்னு தவிச்சுக்கிட்டுத் திரியுதான்.

ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. வைக்கலைன்னு சொன்னீங்களே, ஏன்னு நீ கேப்பே. பிள்ளை மனுவை வாசிச்சப்ப கடைசியில ஒரு வரி வந்துச்சு. முன்னால மனு குடுத்த அதே ஆறு பேரும் சேர்ந்து மறுபடியும் கேட்டுக்கிடுதோம்னு இருந்துச்சு. அப்படிப் போட்டாத்தான் டில்லியில மதிப்பாங்களாம், அதுக்குத்தான் என் விரலுக்கு இம்புட்டு ஓட்டம். ஆறு பேரும் எங்கவே கேக்காங்கன்னேன். தில்லைநாயகம் பிள்ளை நெஞ்சுவலியில போயாச்சு, அவரு மகன்தான் எதிர்ல நிக்காரு. இலஞ்சி சிவசுப்பிரமணியன் காசிக்குப் போன இடத்துலயே முடிஞ்சான். புளியறைச் சுந்தரபாண்டி மரத்துல இருந்து விழுந்தான். செங்கோட்டை மாத்தன் தோட்டத்தை வித்துட்டுப் புனலூருக்குப் போயி அங்கன செத்தாரு. ஆதிமூலம் போன ஐப்பசி மழையில, நான்தான் தோள் குடுத்தேன். இந்த அஞ்சு பேரும் இன்னைக்கு இருந்தா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது. அதுல ரெண்டு பேரு வேண்டாம்னு சொன்னாலும் சொல்லுவாங்க. செத்தவன் கையைப் பிடிச்சு மையில வைக்க எனக்கு மனசு வரலை. ஆறு பேரும் கேக்காங்கன்னு இனிமே ஒருத்தனும் எழுத முடியாது, ஏன்னா கேட்டுப் பார்க்க மிச்சம் இருக்கது ஒரே ஆளு,

உன் அப்பன்
தங்கசாமி