பழைய குரல் திரும்பி வந்துவிட்டது, மச்சான்

மச்சான்,

என் வீட்டு டிவி ரிமோட்டில் எல்லாப் பொத்தானும் புதுசு போலத்தான் இருக்கிறது. சத்தத்தை நிறுத்தும் மியூட் பொத்தான் மட்டும் வழுக்கையாகிவிட்டது. உன் கட்டைவிரல் செய்த வேலை. இன்று அதைத் துடைக்கும்போது உன் ஞாபகம் வந்து, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளி நாளிலிருந்து நாம் ஆடிவந்த அந்த வாள்வீரன் வீடியோ கேமின் ஏழாம் பாகத்தில், வீரனுக்குக் குரல் கொடுத்தவரை மாற்றினார்கள். பட்டாபிராமிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அயனம்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்த நீ, முதல் வசனத்திலேயே ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தாய். "இன்னாடா இது, நம்ம ஆளு ஊட்ல எவனோ பூந்துகினு பேசறான்." அன்று பிரியாணியைக்கூடத் தொடவில்லை.

கம்பெனிக்குக் கண்டன மனு எழுதி, நீ தினமும் சென்ட்ரல் போகும் ரயில் பெட்டியில் கையெழுத்து வாங்கினாய். மொத்தப் பெட்டியும் போட்டது. விரைவு ரயிலை பட்டாபிராமில் நிறுத்தச் சொல்லும் மனு என்று அவர்கள் நினைத்தது அடுத்த வாரம்தான் தெரிந்தது. "இன்னா நைனா, எப்ப நிக்கும்?" என்று ஒருவர் கேட்க, "பேசிகினு கீறோம்ண்ணா" என்றாய். பிறகு ஒரு மாதம் வேறு பெட்டியில் ஏறினாய்.

கம்பெனி பதில் போடவில்லை. நீயே களத்தில் இறங்கினாய். மியூட்டை அழுத்திவிட்டு வீரனின் வசனத்தையெல்லாம் நீயே பேசினாய். மூன்று பாகம் அப்படியே போனது. மகாராணி முன்னால் மண்டியிட்டு, "கவலப்படாத அண்ணி, நான் கீறேன்" என்பான் நம் வீரன். அவன் அடிபட்டு விழுந்தால், "எய்ந்துரு நைனா, இன்னா படுத்துகினு கீறே" என்று அவனையே அதட்டுவாய்.

போன மாதம் பத்தாம் பாகம் வந்தது. பழைய குரல்காரரையே திரும்ப அழைத்துவிட்டார்கள். இணையத்தில் ரசிகர்களுக்கு ஒரே கொண்டாட்டம். நீ ஜெயித்துவிட்டாய். அதைப் பார்க்கத்தான் நீ இல்லை, மாரடைப்பில் போய் எட்டு மாதமாகிறது.

ஆசையாகப் போட்டேன். அவர் வாயைத் திறந்தார். எனக்குப் பிடிக்கவில்லை, மச்சான். நம் ஆள் வீட்டில் எவனோ புகுந்து பேசுவது போலிருந்தது. அன்று உனக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

மியூட்டை அழுத்தினேன். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டேன். அதற்குள் வீரன் அடிபட்டு விழுந்துவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எய்ந்துரு நைனா, இன்னா படுத்துகினு கீறே" என்றேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஆள மாத்திட்டாங்களா? பழைய ஆளு இன்னும் நல்லா பேசுவாரு" என்றாள்.

ஆமாம் என்றேன். மிச்ச ஆட்டத்துக்கும் நான்தான் பேசினேன்.