வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டிய விண்ணப்பம்

நேற்று கண்ணாடி டம்ளர் உடைந்து என் கை கிழிந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருமுனை கிளினிக்கில் நர்ஸ் புதிய காஸ் துணிக் கட்டைப் பிரித்தார். வெளுப்பு மருந்தும் பஞ்சும் கலந்த அந்த வாசனை வந்ததும் எனக்கு உன் நினைவு வந்துவிட்டது. இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்த உன் அம்மாவின் சேலையிலிருந்து அது உன் வீட்டுக்கும், உன் வீட்டிலிருந்து நம் வகுப்புக்கும் வரும். பி.எஸ்ஸி. இயற்பியலில் மூன்று பருவங்கள் நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாய்.

இரண்டாம் ஆண்டில் கிளாசிக்கல் மெக்கானிக்ஸ் வந்தபோது வகுப்பில் பாதிப் பேர் மிரண்டு போனோம். தமிழில் படித்து வந்த நமக்கு அந்தப் புத்தகத்தின் ஆங்கிலமும் கணக்கும் சேர்ந்தே புரியவில்லை. நீ மட்டும் ஒவ்வொரு வரியையும் உடைத்து எனக்குத் தமிழில் சொல்வாய். சுழலும் கம்பியில் கோத்த மணி பற்றிய கணக்கு நினைவிருக்கிறதா? கம்பி மணிக்குத் தரும் விசை எந்த வேலையும் செய்யாது என்று சார் சொன்னதும் நீ எழுந்து நின்றாய்.

"சார், கம்பி சுத்தச் சுத்த மணிக்கு வேகம் கூடுதுல்லா? அப்ப அந்த வேலையச் செய்யுதது யாரு?"

வகுப்பு சிரித்தது. சாரும் சிரித்தார். மறுநாள் அவரே வந்து, "அந்தப் பிள்ள கேட்டது சரி. காலத்த நிறுத்தி வச்சு யோசிக்கிற நகர்வுக்குத்தான் நான் சொன்னது பொருந்தும். நெசமா நகரும்போது கம்பி வேலை செய்யத்தான் செய்யும்" என்றார். அன்று முழுக்க உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே வேறொன்றும் இருந்தது. அதற்கு அப்போது நான் பெயர் வைக்கவில்லை.

அந்தப் பருவத்தின் பாதியில் உன் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அப்பா இல்லாத வீடு. அம்மாவின் இடத்தில் நீ வேலைக்குப் போனாய், வருகைநாள் குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டோடு விண்ணப்பம் கொடுத்தால் தேர்வெழுத விடுவார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழக்கிழமை மாலை இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் அந்தக் கவரை என்னிடம் நீட்டினாய்.

"ஏட்டி, நாளைக்கு எனக்கு லீவு தர மாட்டாவ. நீ ஆபீசுல குடுத்திரு. மறந்திராத."

"இதப் போயி மறப்பனா? நீ கவலப்படாமப் போ."

மறந்தேன் என்றுதான் பல வருடங்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நூலகத்தில் புத்தகத்தைப் பிரித்தபோது கவர் அதற்குள் இருந்தது. அலுவலகம் பத்தடி தூரம். வாசலில் வரிசை நின்றது, என் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. திங்கட்கிழமை கொடுத்தால் வாங்காமலா போவார்கள் என்று புத்தகத்தை மூடினேன். நீ எழுதாவிட்டால் வகுப்பில் நான்தான் முதல் என்ற நினைப்பும் அந்த நேரத்தில் வந்துபோனது. வந்தது என்பதை இன்றுதான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் கிளார்க் விண்ணப்பத்தில் தேதி முத்திரையைக் குத்தி ஃபைலில் போட்டுவிட்டு, "நாள் முடிஞ்சு போச்சேம்மா. நான் என்ன செய்ய?" என்றார். மாலையில் உன் வீட்டுக்கு வந்தேன்.

"குடுத்தேன்ட்டி. அவிய முடியாதுனுட்டாவ."

நீ கட்டிலில் கிடந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு, "சரி விடு. அடுத்த வருசம் எழுதிக்கிடலாம்" என்றாய். எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாய். அந்தப் பருவத்தில் நான்தான் முதல் மதிப்பெண் வாங்கினேன்.

அடுத்த வருடமும் நீ எழுதவில்லை. அம்மாவால் வெகுநேரம் நிற்க முடியவில்லை, வேலை உன்னோடு ஒட்டிக்கொண்டது. நான் எம்.எஸ்ஸி. முடித்தேன், கல்லூரியில் அதே பாடத்தை நடத்தத் தொடங்கினேன். மாதம் ஒருமுறையாவது சந்திப்போம். "இன்னிக்கு என்னட்டி நடத்துன?" என்று கேட்பாய், என் குறிப்புகளை வாங்கிப் போய் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிப்பாய். போன வருடம் மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று நாள் வேலைக்குப் போயிருக்கிறாய். நான்காம் நாள் மதுரைக்குக் கொண்டு போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கல்லறையில் மற்றவர்களைப் போல நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

சர்ச்சில் உன் முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிந்த பிறகு உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று போனேன். பாதி சொல்வதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குத் தெரியும் தாயி. அவளுக்கும் தெரியும்."

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"மறுவருசம் திரும்பச் சேர முடியுமான்னு ஆபீசுல கேக்கப் போனா. பழைய காயிதத்த எடுத்துக் காட்டிருக்காவ. திங்கக்கெழம தேதில சீல் இருந்துச்சாம். நான் உன்னக் கூப்பிட்டு நாலு வார்த்த கேக்கணும்னு நின்னேன். அவதான், 'வேண்டாம்மா, அவளே சொல்லுவா'ன்னுட்டா."

உன் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆக, நான்கு வருடங்கள் எல்லாம் தெரிந்தே என்னோடு பழகியிருக்கிறாய். பேச்சுக்கு நடுவே திடீரென்று நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பாய். வேலைக் களைப்பு என்று நினைத்து ஒவ்வொரு முறையும் வேறு பேச்சுக்குத் தாவினேன். அந்த இடைவெளிகளெல்லாம் நான் சொல்வதற்காக நீ விட்டவை. இன்று அவை என்னிடம் இருக்கின்றன. வகுப்பில் கரும்பலகையின் முன் பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறேன். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.